கை காய்ப்பை வெட்டுவதா, விடுவதா? எடை தூக்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

பார்பெல், அதாவது எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புத் தண்டு, அதைப் பிடிக்கத் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் வரிசையாக நாலு மேடு எழும்பும். முதலில் எரியும், அப்புறம் மஞ்சளாகக் கெட்டியாகும், பிறகு ஒரு நாள், பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் நடுவில் அதில் ஒன்று தோலோடு பிய்ந்து தொங்கும். அன்று முதல் ஆளுக்கொரு யோசனை. பிளேடால் சீவி எறி என்கிறார் ஒருவர். அது கைக்குக் கவசம், தொடவே தொடாதே என்கிறார் இன்னொருவர். கிளவுஸ் போடு என்று ஒரு பக்கம், போட்டால் கை என்றைக்கும் உரம் ஏறாது என்று மறுபக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் நிறைய வாழும் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியா பக்கம் நம் பிள்ளைகள் மட்டுமல்ல, சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக எடை தூக்க வந்தவர்களும் இதே குழப்பத்தில் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் தவறான யோசனை கொஞ்சம் ஆபத்தும்கூட, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ப்பை வெட்டவும் கூடாது, இஷ்டத்துக்கு வளரவும் விடக் கூடாது, மட்டமாக வைத்திருக்க வேண்டும். கையைப் பிய்ப்பது காய்ப்பின் மேடுதான், அந்த மேடு எங்கே எழும்புகிறது என்று பார்த்தால் நீங்கள் பாரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

காய்ப்பு என்பது என்ன

மேல்தோலின் அடியில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, செத்து, கடைசியில் உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நகமும் முடியும் அதே கெரட்டினால் ஆனவைதான்.

ஓர் இடத்தில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்ப விழுந்தால் அங்கே செல்கள் வேகமாகப் பிறக்கும், மேலே இருப்பவை சீக்கிரம் உதிராது. செத்த செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து கெட்டிப்படும். இதுதான் காய்ப்பு. வீணை வாசிப்பவர் விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு விழுவதும் இப்படித்தான். உடம்பு செய்கிற நல்ல காரியம் இது, நோய் அல்ல.

உள்ளங்கைத் தோலுக்கு இரண்டு தனிக் குணங்கள் உண்டு, பின்னால் வரப்போகிற எல்லாமே இந்த இரண்டில் நிற்கிறது:

1. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகமும் தலையும் தாமே எண்ணெய் விடும், கை விடாது. ஆகவே அங்கே குவிந்த செத்த தோல் காய்ந்தால் நெகிழ்வை இழந்து ஓடு மாதிரி ஆகிவிடும்.
2. வியர்வைச் சுரப்பி அங்கே ஏராளம். எண்ணெய் இல்லாத இடத்தில் ஈரம் மட்டும் ஊறும்.

கொப்புளம் வேறு, காய்ப்பு வேறு

இரண்டுக்கும் காரணம் உராய்வு என்பதால் ஒன்றாக நினைத்துவிடுகிறோம், வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரம் விழுகிற உராய்வுக்குத் தோல் தடித்துப் பதில் சொல்லும். ஒரே நாளில் அளவுக்கு மீறி விழுந்தால் தடிக்க நேரமில்லை. பாரோடு மேல் தோல் ஒரு பக்கம் இழுபடும், அடியில் எலும்போடு ஒட்டிய பகுதி அசையாமல் நிற்கும், நடுவில் மேல்தோலின் அடுக்குகளுக்குள்ளேயே ஒரு கிழிசல் உண்டாகி நீர் கோத்துக்கொள்ளும். அதுதான் கொப்புளம். விடுமுறை முடிந்து மூன்று வாரம் கழித்து ஜிம்முக்குப் போய் முதல் நாளே நூறு புல்-அப் போடுகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான்.

காய்ப்பு ஏற ஏறக் கொப்புளம் குறையும். ஆனால் அளவு தாண்டிய காய்ப்பின் அடியிலேயே கொப்புளம் வரலாம், அது மகா வலி, ஏனென்றால் மேலே ஓடு மாதிரி மூடி இருப்பதால் உள்ளே இருக்கும் நீருக்குப் போக்கிடம் இல்லை.

பிய்வது ஏன்

உங்கள் கையைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கெட்டியான மேடு, அதைச் சுற்றி திடீரென்று மெல்லிய சாதாரணத் தோல். கெட்டியான பகுதி வளையாது, மெல்லிய பகுதி வளையும். இரண்டும் சேருகிற ஓரம்தான் பலவீனமான இடம். பாரின் மேலுள்ள சொரசொரப்பு அந்த மேட்டைப் பிடித்து விரல் பக்கமாக இழுக்கும்போது மேடு அப்படியே ஒரு கட்டியாக நகரப் பார்க்கும், ஓரத்தில் இருக்கும் மெல்லிய தோல் தாங்காமல் கிழியும். பெட்டி மூடியை ஓரத்தில் நெம்பித் திறக்கிற மாதிரி.

மேடு உயரமாக இருந்தால் பார் அதைப் பிடிப்பது சுலபம். அதே தடிமன் மட்டமாகப் பரவி, ஓரம் சரிவாக இறங்கியிருந்தால் பாருக்குப் பிடிமானமே கிடைக்காது.

இங்கே ஒரு கேள்வி வரும், நம் வீடுகளில் நிச்சயம் வரும்: கரும்புத் தோட்டத்தில் வெட்டிய நம் முன்னோர் கை காய்த்துத்தானே இருந்தது, அவர்கள் என்ன கல் வைத்துத் தேய்த்தார்களா? 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 152,184 பேர் என்பது கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் கண்டது கரும்புக் காடுதான். கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. கரும்பு வெட்டும் கத்தி ஒரு கிலோகூட வராது, அதன் பிடி வழவழப்பான மரம், நாள் முழுக்க லேசாக உரசி உரசிக் காய்ப்பு அகலமாகப் பரவும். ஜிம்மில் நூறு கிலோ, சொரசொரப்பான இரும்பு, சில வினாடிகள், எல்லாம் விரலடியில் ஒரு மெல்லிய கோட்டில். காய்ப்பு அங்கே குறுகலாக, உயரமாக எழும்பும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தக் கைகள் வெடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். வெடித்தாலும் வேலையை நிறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

முதல் வைத்தியம் பிடியில்

காய்ப்பைத் தேய்ப்பதற்கு முன் அது அவ்வளவு உயரமாக ஏன் எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் பாரை உள்ளங்கை நடுவில் வைத்துப் பிடிப்பது.

தொங்கும் எடைக்கு ஒரே ஆசைதான், கீழே போவது. உள்ளங்கை நடுவில் வைத்த பார் இழுக்கத் தொடங்கியதும் விரல் பக்கம் உருளும், உருளும்போது வழியில் உள்ள தோலைச் சுருட்டிக்கொண்டு போகும், கடைசியில் விரலடி மடிப்பில் போய் நிற்கும்போது அந்தத் தோல் பாருக்கும் விரலுக்கும் நடுவில் மடிந்து நசுங்கும். ஒவ்வொரு முறையும் அதே மடிப்பு, அதே நசுங்கல். மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் கீழே காய்ப்பு அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

எப்படியும் அங்கேதான் போய் நிற்கப்போகிறது, ஆகவே முதலிலேயே அங்கே வையுங்கள். கையைத் திறந்து, விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற மடிப்பை ஒட்டி, விரல் பக்கமாகப் பாரை வைத்து, பிறகு மூடுங்கள். முதல் இரண்டு வாரம் பிடி பலமில்லாதது போலத் தோன்றும், எடையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியும் வரலாம். பழகிவிடும்.

இது இழுக்கும் பயிற்சிகளுக்கு. தள்ளும் பயிற்சிகளில், பெஞ்ச் பிரஸ் போல, பார் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்கு நேர் மேலே உட்கார வேண்டும், அங்கே பார் நகராது, காய்ப்பும் மெல்லியதாகவே இருக்கும். டர்பனில் 1936-இல் பிறந்து, நிறவெறி ஆட்சியில் சொந்த நாட்டில் சமமான இடம் கிடைக்காமல் இங்கிலாந்து போன பளுதூக்கும் வீரர் பிரெஷஸ் மெக்கென்சி காமன்வெல்த் போட்டிகளில் நான்கு முறை தங்கம் வென்றவர், 1966, 1970, 1974-இல் இங்கிலாந்துக்கு, 1978-இல் நியூசிலாந்துக்கு. அவர் முதலில் வென்ற காலத்தில் பளுதூக்குதலில் மூன்று தூக்கல்கள் இருந்தன: பிரஸ், ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். 1972-க்குப் பிறகு, தோளிலிருந்து பாரை மேலே தள்ளும் பிரஸ் எடுக்கப்பட்டு, மிஞ்சியது இரண்டு, இரண்டுமே தரையிலிருந்து இழுத்துத் தொடங்குகிறவை. இன்று அந்த விளையாட்டைப் பழகுகிறவர்கள் கையில் காய்ப்பு பெரும்பாலும் விரலடியிலும் கட்டைவிரல் பக்கத்திலும் ஏறும். கட்டைவிரலைப் பாரோடு வைத்து மற்ற விரல்களால் அதன் மேல் பூட்டும் ஹூக் பிடியில் பார் உருள்வது வெகுவாகக் குறையும். பாரம் கட்டைவிரலுக்கு மாறும், அங்கே டேப் சுற்றிக்கொள்ளலாம்.

மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கல்யாண மோதிரமோ நவரத்தின மோதிரமோ, பாருக்கும் விரலுக்கும் நடுவில் தோலைக் கிள்ளும். மோதிரம் சிக்கி விரல் தோலே உரிந்த விபத்துகளும் மருத்துவத்தில் பதிவானவை, அது சின்னக் காயம் அல்ல.

டர்பன் ஜனவரி, ஜோஹன்னஸ்பர்க் ஜூலை

தைப்பூச மாதத்து டர்பனை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று, புழுக்கம், உட்கார்ந்திருந்தாலே வியர்வை. நன்றாகக் காய்ந்த தோலைவிட லேசாக ஈரமான தோலுக்கு உராய்வு அதிகம், பார் தோலை இன்னும் இறுக்கிப் பிடித்து இழுக்கும். அதோடு ஈரத்தில் ஊறிய காய்ப்பு வெளுத்து மெத்தென்றாகி, கிழிவதற்குத் தயாராக இருக்கும். டர்பன் கோடையில் எதிரி ஈரம். ஆகவே துண்டு, சாக் பவுடர், செட்டுக்குச் செட்டு கையைத் துடைப்பது.

ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் கதை தலைகீழ். குளிர்காலத்தில் மழை அநேகமாக இல்லை, காற்று வறண்டு கிடக்கும், லெனேசியாவில் ஜூலை மாதம் உதடு வெடிப்பதுபோலக் காய்ப்பும் வெடிக்கும். அங்கே பிய்வதைவிட நடுவில் கோடாகப் பிளப்பதுதான் அதிகத் தொல்லை, பிளவு ஆழமானால் ரத்தம் வரும். அங்கே தேவை இரவில் எண்ணெய்ப் பசை.

டர்பன்காரர் சொல்லும் வைத்தியம் ஜோஹன்னஸ்பர்க்காரருக்குப் பலிக்காமல் போவதற்கும், ஒரே ஆளுக்கு ஜனவரியில் உதவியது ஜூலையில் கெடுப்பதற்கும் இதுதான் விளக்கம். சர்ஜிக்கல் ஸ்பிரிட் தடவிக் கையை உரமாக்கு என்ற பழைய யோசனையும் இங்கே அடிபட்டுப்போகிறது. ஸ்பிரிட் ஈரத்தை உறிஞ்சும், வறண்ட காய்ப்பு ஓடாகும், ஓடு வெடிக்கும்.

மட்டமாக்குவது எப்படி

வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் தூக்குகிறவர்களுக்கு இரண்டு முறை போதும்.

1. குளித்து முடித்ததும் அல்லது கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊற வைத்த பின் பாருங்கள். காய்ப்பு ஊறி வெளுத்து, எது தடிப்பு, எது சாதாரணத் தோல் என்று தெளிவாகப் பிரிந்து தெரியும்.
2. குதிகால் தேய்க்கும் கல்லோ, மருந்துக்கடையில் விற்கும் பாத அரமோ எடுத்து, ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள். நடுவைவிட ஓரத்தைக் கவனியுங்கள், மேடு சரிவாக இறங்க வேண்டும்.
3. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுங்கள். தடிப்பு தெரியலாம், விளிம்பு தட்டுப்படக் கூடாது. அங்கே நிறுத்துங்கள். இளஞ்சிவப்பாக மாறினாலோ எரிந்தாலோ அளவைத் தாண்டிவிட்டீர்கள்.
4. துடைத்து, பசை போடுங்கள். யூரியா கலந்த கிரீம் இதற்கு நல்லது, யூரியா தண்ணீரைப் பிடித்து வைக்கும், அளவு கூடினால் கெட்டித் தோலைக் கரைக்கவும் செய்யும். கைக்கு 10 முதல் 20 சதவீதம் போதும், 40 சதவீதக் கிரீம்கள் குதிகால் போன்ற மிகத் தடித்த தோலுக்கானவை. கிரீம் இல்லையா, வாசலினோ தேங்காயெண்ணெயோ போதும், அவை உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கும்.
5. இதை இரவில் செய்யுங்கள். ஜிம்முக்குப் போகும் முன் பசை தடவினால் பிடி வழுக்கும், காய்ப்பும் மெத்தென்றாகிப் பிய்யும்.

பிளேடு ஏன் வேண்டாம்? செத்த தோலில் உணர்ச்சி இல்லை, ஆழம் போனது வலிக்கும்போதுதான் தெரியும், அப்போது வெட்டு விழுந்திருக்கும். அது தவிர, மொத்தமாகச் சீவினால் அடுத்த நாள் பார் பிடிப்பது பிஞ்சுத் தோலை வைத்து, கொப்புளத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அரத்தை வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், இது காய்ப்புதானா, மருவா? காய்ப்பின் மேல் கைரேகைக் கோடுகள் தொடர்ந்து ஓடும். மருவில் கோடுகள் விலகிப் போகும், உள்ளே கரும்புள்ளிகள் தெரியலாம், பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும். அரத்தை வீட்டில் யாரோடும் பங்கு போடாமல் இருப்பது இதனால்தான்.

கிளவுஸ், டேப், சாக்

கிளவுஸ் போடுவது தப்பில்லை, ஆனால் எதிர்பார்ப்பதை அது முழுக்கத் தராது. போட்டிப் பாரின் தடிமன் ஆண்களுக்கு 28 மில்லிமீட்டர், பெண்களுக்கு 25. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகத் தனிப் பாரே செய்கிறார்கள் என்றால் பிடிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள், கிளவுஸ் அந்தத் தடிமனைக் கூட்டுகிறது. தளர்வாக இருந்தால் துணியே உள்ளே மடிந்து தோலைக் கிள்ளும், நனைந்தால் உள்ளே புழுங்கும். வேலையில் கை மெத்தென்று இருக்க வேண்டியவர்களுக்கும் லேசான எடை தூக்குபவர்களுக்கும் கிளவுஸ் சரி.

போட்டிக்குப் போகிறவர்கள் விதியைப் பாருங்கள். ஒலிம்பிக் பாணிப் பளுதூக்குதலில் விரல் மூடாத கையுறைக்கும் விரல் டேப்புக்கும் அனுமதி உண்டு. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளன விதிகளில் கையுறைக்கு இடமில்லை. கையைப் பாரோடு கட்டும் ஸ்ட்ராப் இரண்டிலும் கூடாது.

சாக் என்பது மக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சும். மெல்லிய படலமாக இருந்தால் போதும், அப்பிக்கொண்டால் கட்டிகட்டியாகி அதுவே உராய்வைக் கூட்டும். பயிற்சி முடிந்ததும் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரை இருந்தால்

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிக அதிகம் என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருவது, எந்தக் குடும்பத்துக்கும் இது புதிதல்ல. எடைப் பயிற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும், ஏனென்றால் தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. ஆகவே கைக்குப் பயந்து பயிற்சியை விட்டுவிட வேண்டாம். ஆனால் சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு நரம்பின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், புண் ஆறத் தாமதமாகும், கிருமி சுலபமாகப் புகும்.

அவர்கள் பிளேடைத் தொடவே கூடாது. கால் ஆணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்திரியும் வேண்டாம், அது காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று பார்க்காமல் அரிக்கும். கிரீம், லேசான அரம், வேண்டுமானால் கிளவுஸ். கையில் தோல் கிழிந்தால் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். உறவினர் யாருக்காவது நீங்கள் பார் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால், முதல் நாளே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிய்ந்துவிட்டால்

உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு செட் என்பதுதான் சின்னக் கிழிசலைப் பெரிதாக்குகிறது. பாரில் ரத்தம் பட்டிருந்தால் ஜிம்மில் சொல்லிக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுப் போங்கள், அடுத்தவர் கையிலும் கிழிசல் இருக்கலாம்.

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எரியும், ஆனாலும் உள்ளே சாக் பவுடர் தங்கக் கூடாது.
2. தொங்கும் தோலை இழுக்காதீர்கள், நல்ல தோலும் சேர்ந்து உரியும். சுத்தமான சின்னக் கத்தரியால், ஒட்டியிருக்கும் ஓரம் வரை வெட்டுங்கள். உடையாத கொப்புளமானால் மேல் தோலை அப்படியே விடுங்கள், அதைவிட நல்ல மூடி கிடையாது.
3. வாசலின் மெல்லியதாகத் தடவி, பிளாஸ்திரி போட்டு, தினமும் மாற்றுங்கள். புண் காற்றாடக் காய வேண்டும் என்பது தவறான நம்பிக்கை, லேசான ஈரத்தோடு மூடியிருக்கும் புண்தான் சீக்கிரம் ஆறும்.
4. மஞ்சள் தூளை அப்ப வேண்டாம். மஞ்சளில் நல்ல குணம் உண்டு, ஆனால் சமையலறை டப்பாவில் இருப்பது கிருமி நீக்கியது அல்ல. பச்சைப் புண்ணில் கற்பூர வாசனைத் தைலங்களும் வேண்டாம், எரிச்சலைத்தான் கூட்டும்.

சுற்றிலும் சிவப்பு பரவினால், சூடும் வீக்கமும் சீழும் வந்தால், கையிலிருந்து மேலே சிவப்புக் கோடு ஓடினால், காய்ச்சல் வந்தால், அன்றே டாக்டரிடம் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி ஒரு வாரத்தை ஒட்டிப் புதுத் தோல் மூடிவிடும். அதுவரை கால் பயிற்சிகளைச் செய்யலாம், முதுகில் பார் வைக்கும் ஸ்குவாட்டில் கைக்குப் பாரம் கிடையாது. அழுத்தினால் வலிக்காமல், ஈரம் கசியாமல் இருந்தால் திரும்பப் பார் பிடிக்கலாம். ஆனால் அதற்கு முன், பிய்ந்த குழியைச் சுற்றிப் பழைய காய்ப்பு வளையம்போல நின்றிருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விளிம்பைத் தேய்த்து இறக்காமல் போனால் அடுத்த வாரமே பார் அதே இடத்தைப் பிடித்து, இந்த முறை பிஞ்சுத் தோலையும் சேர்த்து இழுக்கும். விளிம்பை இறக்குங்கள், முதல் சில நாட்கள் அந்த இடத்துக்கு மேல் டேப் சுற்றுங்கள், வழக்கமான எடையில் பாதியில் தொடங்கி ஒவ்வொரு செட் முடிந்ததும் கையைத் திறந்து பாருங்கள்.